ஒரு மரக்கால் மழை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை, ஆனால் படி இறங்கமாட்டார். அரண்மனை ஏரியோரத்தில் இருந்தது. வாசலிலிருந்து தண்ணீர்வரைக்கும் நீளமான படிக்கட்டு. வருடா வருடம் அங்கே தெப்பத் திருவிழா நடக்கும். அந்த வருடம் ராஜாவுக்கு ஓர் ஆசை பிறந்தது. தெப்பம் மேல்படிக்கே வந்து நிற்க வேண்டும், வாசலிலிருந்து ஒரே எட்டில் தாம் ஏறிவிட வேண்டும். ராஜா தண்ணீருக்கு இறங்குவதாவது, தண்ணீர்தானே ராஜாவிடம் ஏறி வர வேண்டும்?

பிரதானி சொக்கநாயகம் உடனே தலையாட்டினார். தலையாட்டுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கலிங்கு என்று ஒரு வழி உண்டு. அதன்மேல் பனம்பலகைகளை அடித்து, களிமண் பூசி, உயரமாக்கினார். ஏரி ஏறியது. கரை மட்டும் பழைய உயரத்திலேயே நின்றது. கரையையும் உயர்த்த வேண்டாமா என்று யாரோ கேட்டதற்கு, அரண்மனை ஜோசியர் விருத்தகிரியார் பஞ்சாங்கத்தைப் பிரித்து, இந்த ஆண்டுக்கு மழை ஒரே ஒரு மரக்கால்தான் என்று படித்துக் காட்டினார். மழையை நெல் மாதிரி மரக்காலில் அளந்து சொல்வது அந்நாட்டு வழக்கம். சொல்வது பஞ்சாங்கம், நம்புவது ராஜா, நனைவது ஊர்.

அந்தச் சபையில் விகடம் சொல்லிப் பிழைத்தவள் காத்தாயி. ஒரே பேச்சில் அவள் ராஜாவைச் சிரிக்க வைத்துவிடுவாள். பிரதானியும் ஜோசியரும் அரை நாள் புகழ்ந்தாலும் ராஜா கொட்டாவிதான் விடுவார். அதனால் அவளைக் கண்டால் இருவருக்கும் ஆகாது.

காத்தாயியின் தங்கை பொன்னுருவி, கரைக்கு நேர் கீழே மடைத்தெருவில் குடியிருந்தாள். அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். மழை பிடித்த அன்று காத்தாயி பார்க்கப் போனாள். வீட்டுக்குப் பின்னால், கரையின் அடியிலிருந்து நூல்போல் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பொன்னுருவி அதில் பிள்ளைத் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சுக்கா. துணி அலச ஏரிக்குப் போக வேணாம். ஏரியே வூட்டுக்கு வருது."

ஊரையே சிரிக்க வைத்தவளுக்கு அந்த வேடிக்கைக்குச் சிரிக்க முடியவில்லை. 

நேரே சபைக்குப் போய், கலிங்குப் பலகையை எடுத்துவிட வேண்டும், கரை தாங்காது என்றாள். பிரதானி இதற்குத்தான் காத்திருந்தார். கரை உடையும் என்கிறாளே, என்றைக்கு உடையும் என்று சொல்லட்டும். சொன்ன நாளில் உடையாவிட்டால் தலையைக் கொடுக்கட்டும் என்றார். சபைக்கு அது பிடித்துப்போயிற்று. ராஜாவுக்கும் பிடித்துப்போயிற்று. என்றைக்கு என்று கேட்டார். நாளைச் சொல்லாமல், பலகையை எடுங்கள் என்றே காத்தாயி மறுபடி சொன்னாள். ஜோசியர் புன்னகைத்தார்.

"நன்று. ஜோசியர் சொன்ன மழை பெய்து தீரும்வரை அந்தப் பலகையில் ஒருவனும் கை வைக்கக் கூடாது. வைத்தால் தலை இராது" என்றார் ராஜா.

"தீர்ந்த பிறகு, மகாராஜா?"

"தீர்ந்த பிறகு நீயே போய்ப் பிடுங்கிக்கொள்."

காத்தாயி கும்பிட்டாள். களஞ்சியத்திலிருந்து ஒரு மரக்காலை வாங்கிவந்து, கூரைத் தண்ணீர் விழாத இடமாகப் பார்த்து, முற்றத்தின் நடுவில் வைத்தாள். கணக்குப் பார்க்கத்தான் என்றாள். ஏதோ விகடம் என்று ராஜா சிரித்து, மரக்காலுக்கு ஒரு காவலனையும் போட்டார்.

பொழுது சாய்வதற்குள் அவள் மறுபடி மடைத்தெருவுக்கு ஓடினாள். நூல் இப்போது கை கனம் ஆகியிருந்தது. அதைவிட, நிறம் மாறியிருந்தது. காலையில் தெளிவாக வந்த தண்ணீர் இப்போது செம்மண் குழம்பாக வந்தது. வருவது ஏரித் தண்ணீர் மட்டுமில்லை, கரையும் கரைந்து வருகிறது. தெருவே நின்று பார்த்தது. எங்கள் அப்பன் காலத்திலும் இப்படித்தான் வந்தது என்றான் ஒருவன். அரண்மனைக்காரர்களுக்குத் தெரியாததா என்றான் இன்னொருவன். ஒருவன் ஓட்டையில் வைக்கோலைத் திணித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டான். அதற்குள் மழை இன்னும் வலுத்தது. தெப்ப வடம் இழுப்பது மடைத்தெருக்காரர்கள், அவர்கள் திருவிழா முடியும்வரை எங்கும் போகக் கூடாது என்று தெருமுனையில் பிரதானியின் ஆட்கள் தடியோடு நின்றார்கள்.

"பிள்ளையையாவது எங்கிட்ட குடுடி."

"பால் குடிக்கிற பிள்ளையத் தனியா எப்படிக்கா அனுப்புறது? ஏதாச்சும்னா ராஜா சொல்லுவாருல்ல."

"ராஜா சொன்னாத்தான் நகருவீங்க. அதாண்டி எனக்குப் பயமா இருக்கு."

காத்தாயி வீட்டுக்குப் பின்னால் போய்க் கரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஈரமண் கையோடு பெயர்ந்து வந்தது.

மறுநாள் சபை கூடியபோது அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள்.

"மகாராஜா, ஜோசியர் சொன்ன மழை பெய்து தீர்ந்துவிட்டது. மரக்கால் நிரம்பி வழிகிறது, காவலனே சாட்சி. இனிப் பெய்வது கணக்கில் இல்லாத மழை. பலகையைப் பிடுங்கத் தாங்கள் நேற்றே உத்தரவு கொடுத்துவிட்டீர்கள்."

ஜோசியர் துள்ளி எழுந்தார். "மகாராஜா, இவள் அறியாமல் பேசுகிறாள். சாஸ்திரம் சொல்லும் மரக்கால் நெல் அளக்கும் மரக்கால் அன்று. தேவலோகத்து மரக்கால். யோசனை தூரம் அகலம், யோசனை தூரம் ஆழம்."

"அவ்வளவு பெரிதா, சுவாமி? அத்தனை மழையும் நம் ஏரிக்குள் கொள்ளும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் போய்விடுகிறேன்."

ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். பிரதானியைப் பார்த்தார். பிரதானி கூரையைப் பார்த்தார். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

"சின்ன மரக்கால் என்றால் மழை தீர்ந்தது, பலகையைப் பிடுங்கலாம். பெரிய மரக்கால் என்றால் ஏரி கொள்ளாது, பலகையைப் பிடுங்கியே ஆக வேண்டும். எந்த மரக்கால் என்று இவரே தீர்மானிக்கட்டும். கொஞ்சம் சீக்கிரமாகத் தீர்மானிக்கட்டும்."

ராஜா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். காத்தாயி சிரிக்கவில்லை. அவர் சிரித்து முடிக்கிற அந்த நேரத்துக்குள் எத்தனை கூடை மண் கரைந்திருக்கும் என்று நினைத்தபடி நின்றாள். கடைசியில் அவர் கையை அசைத்தார். அவள் ஓடினாள்.

பலகைகளைப் பெயர்த்ததும் தண்ணீர் இரைந்துகொண்டு கலிங்கு வழியே பாய்ந்தது. ராஜ உத்தரவு என்று கத்தித் தெருமுனை ஆட்களை விலக்கி, கெஞ்சியும் திட்டியும் மடைத்தெருவைக் கோயில் மேட்டுக்கு ஏற்றினாள். ஆட்டை விட்டுவிட்டேன் என்று திரும்பியவனைப் பின்குடுமியைப் பிடித்து இழுத்தாள். பொன்னுருவி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு மேட்டில் உட்கார்ந்தாள்.

ஏரி ஒரு முழம் இறங்கியபோது கரை உடைந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் உடையவில்லை. ஒரு சொட்டுக் கசிவும் இல்லாத கீழ்க்கோடியில், வண்டி போகும் அளவுக்குக் கெட்டியாக இருந்த இடத்தில் உடைந்தது. தண்ணீர் பக்கவாட்டில் வந்தது. மண்வீடுகள் வெல்லம்போல் கரைந்தன. பொன்னுருவி தொட்டில் கட்டியிருந்த விட்டம் மிதந்து வந்து மேட்டடியில் முட்டி நின்றது. இன்னும் ஒரு முழம் தண்ணீர் இருந்திருந்தால் மேடும் மிஞ்சியிருக்காது.

சாயங்காலம் ராஜா அவளைக் கூப்பிட்டனுப்பினார். இன்றைக்குத்தான் உடையும் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததா, மறைத்தாளா என்று கேட்டார்.

"தெரியாது, மகாராஜா. நாளும் தெரியாது, இடமும் தெரியாது. நான் கை வைத்துப் பார்த்த கரை இன்னும் நிற்கிறது. தெரியாததால் பயந்தேன். இவர்களுக்கு எல்லாமே தெரிந்திருந்தது, அதனால் பயப்படவில்லை."

ராஜா அந்த மரக்காலிலிருந்த மழையைக் கொட்டச் சொல்லி, அது நிறையப் பொன் அளந்து கொடுத்தார். மடைத்தெருவுக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகவும் சொன்னார். வேறு என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஒரே உத்தரவு போதும். இனிமேல் கலிங்கில் பலகை அடிக்கிற அதிகாரி யாரானாலும், பலகை நிற்கும் நாளெல்லாம் பெண்டாட்டி பிள்ளைகளோடு மடைத்தெருவில் குடியிருக்க வேண்டும்."

ராஜா சிம்மாசனத்தில் அடித்து அடித்துச் சிரித்தார். ஆகட்டும் என்றார். சபையும் சிரித்தது. பிரதானி கடைசியாகச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியது. அப்போதுதான் அந்தச் சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது.

"இன்னும் பெய்கிறதா?" என்று ராஜா மெதுவாகக் கேட்டார். ஜோசியரைப் பார்த்துக் கேட்கவில்லை. பதிலுக்கும் காத்திருக்கவில்லை. எழுந்து, காலில் பாதுகைகூட இல்லாமல், தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்க, தாமே படி இறங்கிப் போனார்.