ப்ளஸ் பக்கம் கட்டிய கம்பி

"இதுக்கு ஒரு வேலை சொல்லுங்கம்மா" என்றார் தெய்வநாயகம்.

மடத்து வாசலில் அவர் இறக்கி வைத்தது ஒரு பழைய டிசி பவர் சப்ளை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றிய பெட்டி. ஆட்டுக்கல் கனம். எக்ஸ்சேஞ்சில் அதைக் கழித்துக் கட்டியபோது, ஓய்வுபெற்ற கையோடு இவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

இடத்தை அடைக்கிறது என்று மகன் முணுமுணுத்தான். நாளை பழைய இரும்புக்காரர் வருகிறார்.

மடத்துத் தலைவி அங்கயற்கண்ணி இவரைவிட வயதில் மிகவும் இளையவர். பெட்டியைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"வேலை இதுக்கா, உங்களுக்கா?"

தெய்வநாயகத்துக்குச் சுருக்கென்றது.

"ரெண்டுக்கும்தான். ஆயுசு முழுக்கக் கொடுத்தே பழகினவன் நான். வீட்டுக்கே நான்தான் சப்ளை. என் சம்சாரம் செண்பகம் ஒரு நாள் வேலைக்குப் போனவ இல்ல. அவளும் போன வருஷம் போய்ச் சேர்ந்தா. இப்ப என்கிட்ட வாங்கிக்க ஆளில்ல."

தலைவி அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினார்.

அங்கே சமையல்காரி பிச்சம்மாள் ஒரு தோசைக்கல்லைத் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோயிருந்தாள். மழை ஒழுகித் துருவேறிய கல்.

"புதுக் கல்லுல தோசை ஒட்டிக்கிட்டு உயிரை வாங்குது அண்ணாச்சி. இது தேறுமா?"

தெய்வநாயகம் வேட்டியை மடித்துக் கட்டினார்.

பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர், ஒரு பிடி சலவைச் சோடா. மைனஸ் ஒயரில் தோசைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். ப்ளஸ் ஒயரில், முற்றத்து மூலையில் கிடந்த இரும்புக் கம்பி. சுவிட்சைத் தட்டினார். பெட்டி உறுமியது. தண்ணீரில் குமிழ் கிளம்பியது.

"மாத்திக் கட்டினா?" என்று கேட்டார் தலைவி.

"கல்லு போயிரும்மா. மைனஸ் பக்கம் இருக்கிறது சுத்தமாகும். ப்ளஸ் பக்கம் இருக்கிறது கரையும்."

சாயங்காலம் கல்லை வெளியே எடுத்தார்கள். துரு சேறாக வழிந்தது. பிச்சம்மாள் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்து, அடுப்பில் ஏற்றிப் பழக்கினாள். தோசை முழுசாக எழும்பி வந்தது.

"நல்லா இருப்பீங்க அண்ணாச்சி! பெட்டியை யாருக்கும் கொடுத்துறாதீங்க. அரிவாள்மனை, கடப்பாரை எல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு."

தெய்வநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களாம்மா? பெட்டி பிழைச்சிருச்சு!"

தலைவி தொட்டியிலிருந்து கம்பியை எடுத்தார். காலையில் விரல் கனம் இருந்தது. இப்போது அரித்து அரித்துப் பாதியாக மெலிந்திருந்தது.

"இதுக்கு யாராவது நன்றி சொன்னீங்களா?"

"அது கம்பிதானேம்மா."

"உங்க வீட்டுல நீங்க எந்தப் பக்கம் ஐயா?"

தெய்வநாயகம் கம்பியை வாங்கித் தோள் துண்டால் துடைத்தார். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிச்சம்மாள் தோசையை இலையில் வைத்து நீட்டினாள். "முதல் தோசை உங்களுக்குத்தான். ஆறிரப் போகுது, சாப்பிடுங்க."

அவர் கம்பியைச் சுவரில் சாய்த்து வைத்தார். இலையை அதன் முன்னால் வைத்தார்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"செண்பகம் முதல் தோசை என்னைக்கும் எனக்குத்தான் போடுவா" என்றார். "இன்னைக்கு அவ சாப்பிடட்டும்."