கண்ணீர்க் காவியத்துக்கு ஆசைப்பட்ட ராஜா

வெகு காலத்துக்கு முன்னே வெண்ணாவல் நாடு என்று ஒரு நாடு. அதை மகிழ்மாறன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்ல ராஜாதான். வயிறாரச் சாப்பிடுவான், நிம்மதியாகத் தூங்குவான், ராணி தேமொழியோடு தினம் ஒரு சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிவிடுவான். ஆனால் அவனுக்கு ஒரு குறை. அவனைப் பற்றிப் பாடி யாரும் அழுததில்லை!

அவனுடைய பாட்டனாரின் அண்ணன் ஆதவேள், ஓடக்காரர் மகள் கயலியைக் காதலித்து மணந்தவர். ஒரே வருஷத்தில் ஆற்று வெள்ளம் அவளைக் கொண்டுபோய்விட்டது. அந்தத் துயரத்தை அவரே பாட்டாகப் பாடிவைத்தார். அதைச் சபையில் பாடினால் வாயிற்காவலன்கூட ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு மூக்கைச் சிந்துவான்.

"நான் மட்டும் என் ராணியை நேசிக்கவில்லையா? எனக்கும் அப்படியொரு காவியம் வேண்டும்!" என்றான் ராஜா ஒருநாள்.

ஆஸ்தானக் கவிராயர் சந்திரமௌலி துள்ளி எழுந்தார். அவர் பாட்டுக்குச் சபையே தலையாட்டும். ராணி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அவருக்கு நெஞ்சில் தைத்த முள்.

"பிரிவில்லாமல் காவியம் ஏது, மகாராஜா? ராணியாரைப் பிறந்த மலைநாட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆயுளுக்கும் திரும்பக் கூடாது. மற்றதை என் எழுத்தாணி பார்த்துக்கொள்ளும்."

புகழாசை ராஜாவின் கண்ணை மறைத்தது. "ஆகட்டும், பல்லக்கு வரட்டும்" என்றான். பக்கத்தில் இருந்த தேமொழி சண்டைக்கு வரவில்லை. எழுந்து உள்ளே போனாள். அவள் சண்டை போடாமல் போனது ராஜாவுக்கு என்னவோ போலிருந்தது.

மந்திரி சாத்தனார் கைகூப்பினார். "பிரமாதமான யோசனை! ஆனால் எதையும் முறைப்படி செய்ய வேண்டும். ஆதவேள் மன்னர் சோறு தொடவில்லை, வெறுந்தரையில் கிடந்தார் என்கிறது பாட்டு. அதனால் மடைப்பள்ளியை மூடச் சொல்லிவிடுகிறேன்."

"இன்றைக்கேவா? பலாப்பழப் பாயசம் என்றார்களே!"

"காவியத்தில் பாயசம் கிடையாது, மகாராஜா." மந்திரி கவிராயர் பக்கம் திரும்பினார். "ஜோடியைப் பிரித்த பாவி ஒருவன் வேண்டுமே, ஐயா? அந்தக் கதையில் ஆறு பிரித்தது. இதில் உங்கள் பெயரையே போட்டுவிடலாம். ஊர் உள்ளவரை வாயார வைவார்கள்."

கவிராயர் முகம் வெளுத்தது. "பெயர் எதற்கு, மந்திரியாரே? 'யாரோ ஒரு தீயவன்' என்று பொதுவாக..."

"அப்புறம் பழி யாரோ ஒருவன் தலையில் விழுமே!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. வாசலில் பல்லக்கு வந்து இறங்கும் சத்தம் கேட்டது.

"சாத்தனாரே, அந்தப் பழைய பாட்டைப் பாடுங்கள். மனசைத் திடப்படுத்திக்கொள்கிறேன்."

அழுகை வராது என்று பாடகர்கள் விட்டுவிடும் கடைசிச் செய்யுள் ஒன்று உண்டு. மந்திரி அதை எடுத்தார்:

"ஊரெல்லாம் என்கதையை உருகிப் பாடும்
உலகெல்லாம் புகழ்சொல்லும், எனக்கென் செய்யும்?
யாரேனும் இப்பாட்டை எடுத்துக் கொண்டு
அவள்சினக்கும் ஒருபொழுது தருவார் உண்டோ!"

"அவள் கோபித்துக்கொள்ளும் பொழுதையா கேட்டார்?" என்றான் ராஜா மெதுவாக.

"அதைத்தான், மகாராஜா. கடைசிவரை கிடைக்கவில்லை. உங்களுக்குத் தினம் கிடைக்கிறது."

ராஜா கிரீடம் சரிய எழுந்து ஓடினான். அதற்குள் ராணி ஏறிவிட்டிருந்த பல்லக்கின் கொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"தேமொழி, இறங்கு. நான் முட்டாள். என்னைத் திட்டு."

திரை விலகியது. அழுது சிவந்த கண்களோடு பார்த்தாள். "பேசக்கூட மனமில்லை. போகச் சொன்னது நீங்கள்தானே?"

"நான்தான். போய்விடாதே என்று கேட்பதும் நான்தான்."

வெகுநேரம் கழித்தே அவள் இறங்கினாள்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான். "காலிப் பல்லக்கு வீணாகப் போக வேண்டாம். கவிராயரை ஏற்றி மலைநாட்டுக்கு அனுப்புங்கள். பிரிவு எப்படியிருக்கும் என்று அங்கிருந்து எழுதட்டும்."

"அவருக்குப் பல்லக்கு ஒன்றுதான் குறைச்சலா?" என்றாள் ராணி. "நடந்து போகட்டும்."

"ராஜா சொன்னால் சொன்னதுதான்!"

"சற்று முன்னே சொன்னது என்ன ஆயிற்றாம்?"

அன்றைய சண்டை அங்கேயே தொடங்கியது. ராஜா தோற்றான். அப்போது அவன் முகத்தில் பொங்கிய சந்தோஷத்தைப் பாடிவைக்கத்தான் ஆள் இல்லை. கவிராயர் மேல்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார்.