தலைவர் பேச்சும் ரெண்டு ஃபேனும்

தலைவர் வீரபத்திரனுக்குத் தேர்தலில் நிற்கும் ஆசை வந்ததும், ஒரு பழைய வேனை வாங்கிப் பிரசார ரதமாக்கினார். கூரையில் மேடை, சுற்றிலும் சீரியல் விளக்கு, இன்ஜின் சூட்டைத் தணிக்க ரெண்டு பெரிய ஃபேன். கண்ணில் பட்ட போல்ட்டுக்கெல்லாம் கட்சிக் கலரில் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்.

ரதம் தெருத்தெருவாக ஊர்ந்தது. இன்ஜின் சூடேறி ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் போதும், வோல்டேஜ் இறங்கி விளக்கு மங்கும், மைக் ஊமையாகிவிடும். அப்போது பார்த்து ஜனங்கள் கைதட்டுவார்கள். தலைவரோ தன் பேச்சுக்குத்தான் என்று பூரித்துப்போய்க் கும்பிடுவார்.

ஆனாலும் பேச்சு பாதியில் அறுந்துபோவது அவருக்குப் பொறுக்கவில்லை. டிரைவர் இருளப்பன்மேல் பாய்ந்தார்.

“எதிர்க்கட்சிக்காரன் சொல்லித்தானேடா இப்படிப் பண்றே? ஃபேனும் ஓடணும், மைக்கும் பேசணும், ஒரு பல்பைக்கூடக் கழட்டக் கூடாது. அடுத்த தெருவுக்குள்ள சரியாகலேன்னா சாவியை வெச்சுட்டு வீட்டுக்குப் போ!”

“சரி பண்ணிடுறேண்ணே. அப்புறம் பழையபடி ஆக்குன்னு கேக்கக் கூடாது.”

“நான் ஏன்டா கேக்கப்போறேன்!”

இருளப்பன் பானெட்டைத் திறந்தான். எர்த் ஒயர் மாட்டியிருந்த போல்ட்டுக்கு அடியிலும் கட்சிக் கலர் கெட்டியாகப் படிந்து கரண்டை மறித்துக்கொண்டிருந்தது. “எல்லாம் இந்தப் பெயிண்ட் பண்ற வேலைண்ணே” என்று தலைவரிடம் காட்டி, பளபளவென்று சுரண்டிவிட்டு இறுக்கி முடுக்கினான்.

அடுத்த தெருவில் ஃபேன் ஓடியது, விளக்கு ஜொலித்தது, மைக் கணீரென்று ஒலித்தது. தலைவர் ஒரு வார்த்தை விடாமல் முழுப் பேச்சையும் பேசினார். ஒருத்தரும் கைதட்டவில்லை. வீடு வீடாகக் கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது.

தெருமுனையில் தலைவர் இறங்கி வந்து டிரைவர் ஜன்னல் ஓரமாகக் குனிந்தார்.

“இருளப்பா... அந்தப் பெயிண்ட் கொஞ்சம் மிச்சம் இருக்குமாப்பா?”