அவுட்டே ஆகாத மாரிக்கனி

படுத்தாச்சா? கால ஆட்டாத. போர்வைய இழுக்காத. ஒரே ஒரு கதைதான். நடுவுல "ம்" போடணும். "ம்" நின்னா கதையும் நிக்கும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு. ராஜா இல்லையான்னு கேக்காத. அந்த ஊருக்கு ராஜா வரல. வந்திருந்தாலும் அவரு நிக்க நிழல் கிடையாது. ஊரைச் சுத்தி உப்பளம். எங்கன பாத்தாலும் உப்பு, குமிச்சுக் குமிச்சு, வெள்ளை வெளேர்னு. வெயில் அடிச்சா கண்ணு கூசும். அந்த ஊர்ல ஒரு தெரு. தெரு பூராவும் உப்பளத்துக்கு வேலைக்குப் போறவுக வீடு. அதுல ஒரு வீட்டுல புஷ்பம்னு ஒரு அம்மா. அவ மக பேரு மாரிக்கனி.

மாரிக்கனிக்கு ஒரு கால் நல்ல கால். இன்னொரு கால் பிறந்ததுலயிருந்தே சூம்பிப்போன கால். தரையில ஊண முடியாது. அதனால கையில ஒரு கம்பு வச்சிருப்பா. கம்பை ஊணி, காலை இழுத்து, டக்கு… சரக்… டக்கு… சரக்…னு வருவா. எப்படி வருவா?

"டக்கு சரக்."

சரி. முழிச்சுத்தான் இருக்க.

சாயங்காலமானா தெருப் பிள்ளைக எல்லாம் ஆட்டத்துக்குக் கூடிரும். அந்தக் கூட்டத்துக்கு ரோஸ்லின்னு ஒருத்தி தலைவி. யாரு அவளைத் தலைவியாக்குனான்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. சத்தமாப் பேசுவா, அவ்வளவுதான். ஒரு நாள் மாரிக்கனி கம்பை ஊணிக்கிட்டு வந்து நின்னா. நானும் வாரேன்னா. பிள்ளைக ஒண்ணை ஒண்ணு பாத்து முழிச்சுதுக. பொல்லாத பிள்ளைக இல்ல. போன்னு சொல்ல வாய் வரல. வான்னு சொல்லவும் வாய் வரல. அப்போ ரோஸ்லின் இடுப்புல கையை வச்சுக்கிட்டு ஒரு தீர்ப்பு சொன்னா.

"மாரிக்கனி ஒப்புக்குச் சப்பாணி."

அவ்வளவுதான். மாரிக்கனிக்குத் தலைகால் புரியல. டக்குசரக், டக்குசரக்னு வீட்டுக்குப் பறந்தா. அம்மா அப்பத்தான் உப்பளத்துலயிருந்து வந்து, வெடிச்ச காலைத் தண்ணியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. இவ போயி மூச்சிரைக்க, அம்மா, எனக்கும் உப்புல ஒரு வேலை குடுத்துட்டாகன்னா. என்ன வேலைட்டின்னா அம்மா. உப்புக்குச் சப்பாணின்னா இவ.

பின்ன என்ன? அம்மா உப்பு வாருறவ. பக்கத்து வீட்டு மாமா உப்பு சுமக்கிறவரு. எதிர்வீட்டு அத்தை உப்புப் பாக்கெட்டு ஒட்டுறவ. அந்த வரிசையில இவ உப்புக்குச் சப்பாணி. பிள்ளை நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கா.

"ம்."

அம்மாவுக்குச் சிரிப்பும் வரல, அழுகையும் வரல. அது உப்பு இல்லட்டி, ஒப்புன்னா. சும்மா பேருக்குச் சேத்துக்கிறதுன்னா. அப்போ சப்பாணின்னா என்னம்மான்னு கேட்டா மக. அம்மா அடுப்பைப் பாக்க எந்திரிச்சுப் போயிட்டா. அடுப்பு பத்தவே வைக்கல.

என்ன, நீயும் கேக்கியா? நடக்க முடியாதவுகளுக்கு ஊர் வச்ச பேரு. நீ யாரையும் அப்படிச் சொல்லாத. சொன்னா கதையும் கிடையாது, காலையில பூரியும் கிடையாது.

அப்புறம், ஒப்புக்குச் சப்பாணின்னா என்னன்னு ஆட்டத்துக்குள்ள போனப்புறம்தான் அவளுக்குத் தெரிஞ்சுது. ஓடலாம். ஒளியலாம். கூடச் சேந்து கத்தலாம். ஆனா அவுட் ஆக முடியாது. அவளைத் தொட்டாலும் தொட்டது இல்ல, பிடிச்சாலும் பிடிச்சது இல்ல. காத்தைப் பிடிச்ச மாதிரி.

மொதல்ல அது அவளுக்குக் குறையாத் தெரியல. ஏன்னா ரோஸ்லின் தம்பி செல்வினும் ஒப்புக்குத்தான். அவனுக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு. ஆனா சின்னப் பய. மூக்கு எப்பவும் ஒழுகிக்கிட்டே இருக்கும். சரி, நாம ரெண்டு பேரும் ஒரு கட்சின்னு மாரிக்கனி நினைச்சுக்கிட்டா. அப்போ என்னாச்சு, செல்வினுக்கு முன்பல்லு விழுந்துச்சு. பல்லு விழுந்தா பெரியவன்னு அந்தத் தெருவுல ஒரு கணக்கு. அன்னைக்கே அவனை ஆட்டத்துல சேத்துட்டாக. அன்னைக்கே அவன் அவுட்டும் ஆயிட்டான். மண்ணுல விழுந்து புரண்டு, ஓன்னு அழுதான். மாரிக்கனி பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. அவளுக்கு அந்த அழுகை மேல ஆசையா இருந்துச்சு.

ரோஸ்லின்கிட்டப் போயி வாயை ஈன்னு காட்டுனா. எனக்கு ரெண்டு பல்லு விழுந்துட்டுன்னா. ரோஸ்லின் எட்டிப் பாத்தா. ஆமான்னா. ஆனா உனக்குப் பல்லு கணக்கு இல்லட்டின்னுட்டா.

அன்னையிலயிருந்து மாரிக்கனிக்கு ஒரே நினைப்பு. எப்படியாவது ஒரு தடவை அவுட் ஆயிரணும். மத்த பிள்ளைகளுக்கு அவுட் ஆகாம இருக்கணும்னு பாடு. இவளுக்கு ஆகணும்னு பாடு. ம்?

"ம்."

மொத நாள், தொட்டுப் பிடிச்சு. பிடிக்கிறவன் ஜெபா. கொக்கு மாதிரி காலு அவனுக்கு, ரெண்டு எட்டுல தெருவைத் தாண்டிருவான். பிள்ளைக எல்லாம் தடதடன்னு ஓடுதுக. மாரிக்கனி ஓடல. நடுத்தெருவுல போயி நின்னுக்கிட்டா. ஜெபா சர்ர்ருனு வந்தான், அவளை வளைஞ்சு போயிட்டான். அவ கையை நீட்டுனா. குனிஞ்சு போயிட்டான். அப்புறம் அவ பாத்தா, கம்பைக் குறுக்க நீட்டிட்டா. ஜெபா தடுக்கி அவ மேலயே பொத்துன்னு விழுந்தான். ரெண்டு பேரும் மண்ணுல. தொட்டுட்டியேன்னு இவளுக்குச் சந்தோஷம். ஜெபா முட்டியைத் தட்டிக்கிட்டே, நீ ஒப்புக்குல்லான்னுட்டு எந்திரிச்சு ஓடிட்டான்.

ரெண்டாவது நாள், பாண்டி. கட்டம் போட்டு, சில்லு எறிஞ்சு, நொண்டியடிச்சுப் போகணும். கோட்டை மிதிச்சா அவுட். மாரிக்கனி கம்பை ஊணிக்கிட்டு, துள்ளித் துள்ளிப் போனா. போயி கோட்டு மேல மிதிச்சா. வேணும்னேதான். எல்லாரும் பாத்தாக. "பரவால்ல, பரவால்ல, போ"ன்னாக. அடுத்த கோட்டையும் மிதிச்சா. பரவால்லன்னாக. கம்பால கோட்டையே அழிச்சா, சர்க் சர்க்குனு. பரவால்லன்னாக. அவளுக்குக் கோவம் வந்து, கட்டத்துக்கு நடுவுலயே உக்காந்துட்டா. இனி என்ன செய்வீகன்னு பாத்தா, பிள்ளைக பரவால்லன்னுட்டு, அவளைச் சுத்திப் புதுசா கட்டம் போட்டு ஆடிட்டுப் போயிட்டுதுக.

சிரிக்காத. சிரிச்சா தூக்கம் போயிரும்.

அன்னைக்கு வீட்டுல கஞ்சி வேண்டாம்னுட்டா. யாருட்டி அடிச்சாகன்னு அம்மா கேட்டா. ஒருத்தரும் அடிக்கலம்மா, அதான்னா.

"ம்."

மூணாவது நாள், டப்பா ஐஸ்பாய். தெருவுக்கு நடுவுல ஒரு தகர டப்பாவை வைக்கணும். பிடிக்கிறவ சுவத்துப் பக்கம் திரும்பிக் கண்ணைப் பொத்தி எண்ணுவா. மத்தவுக ஒளிஞ்சுக்கிடணும். ஆளைக் கண்டுபிடிச்சா ஓடியாந்து, டப்பாவைத் தட்டி, பேரைச் சொல்லணும். அப்போ அவுக அவுட். போயி தெருவோரத் திண்டு மேல உக்காரணும். ஆனா ஒளிஞ்சிருக்கிற ஒருத்தர் வந்து அந்த டப்பாவை அடிச்சுத் தள்ளிட்டா, அவுட்டான எல்லாருக்கும் உயிரு வந்துரும். பிடிக்கிறவ மொதல்லயிருந்து தேடணும். விளங்குச்சா?

"ம்."

அன்னைக்குப் பிடிக்கிறவ ரோஸ்லின். மாரிக்கனி தண்ணி டிரம்முக்குப் பின்னால ஒளிஞ்சா. நல்ல இடம். கம்பை மடியில வச்சு, வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்தா. ரோஸ்லின் பதுங்கிப் பதுங்கி வந்தா. டிரம்முக்கு அங்கிட்டுப் பாத்தா, இங்கிட்டுப் பாத்தா, குனிஞ்சா. ரெண்டு பேரும் கண்ணுக்குக் கண்ணு. மாரிக்கனி சொல்லிரு, சொல்லிருன்னு மனசுக்குள்ள கிடந்து துடிக்கா. ரோஸ்லின் கண்ணு அவ மேல நிக்கவே இல்ல. பூனையைப் பாத்துட்டுப் போற மாதிரிப் போயிருச்சு.

மாரிக்கனி அங்கனயே உக்காந்திருந்தா. டிரம்முல தண்ணி சொட்டுது, சொட்… சொட்…

தெருவுல ஒவ்வொருத்தரா அவுட் ஆகிக்கிட்டு இருந்தாக. ஜெபா அவுட். செல்வின் அவுட். எல்லாரும் திண்டு மேல காக்கா மாதிரி வரிசையா உக்காந்திருந்தாக. இன்னும் ஒருத்திதான் கண்ணுல ஆப்படல. அவளைத் தேடி ரோஸ்லின் கோழிக்கூட்டுப் பக்கம் போனா. அப்போ மாரிக்கனி எந்திரிச்சா. டக்கு… சரக்… டக்கு… சரக்… சத்தம் கேட்டு ரோஸ்லின் திரும்பிப் பாத்தா. யாரு, இவளான்னுட்டு மறுபடி கோழிக்கூட்டைப் பாக்கப் போயிட்டா.

அங்கனதான் தப்புப் பண்ணிட்டா.

மாரிக்கனி டப்பாகிட்டப் போனா. நல்ல காலை ஊணி நின்னா. கம்பைத் தூக்குனா. விட்டா பாரு ஒண்ணு.

டணார். கடகட கடகட கடகட… டப்பா உருண்டு உருண்டு சாக்கடைக்குள்ள குளுக்குன்னு விழுந்துட்டு.

அப்புறம் திண்டு மேல இருந்த அத்தனை பேரும் ஓஓன்னு குதிச்சு இறங்குனாக. ரோஸ்லின் கோழி இறகும் தலையுமா ஓடியாந்தா. செல்லாதுன்னா. அவ ஒப்புக்கு, அவ அடிச்சது செல்லாது, எல்லாரும் திண்டுல ஏறுன்னா.

அப்போ ஜெபா சொன்னான்.

"டப்பா விழுந்துச்சா இல்லையா? விழுந்துட்டு. ஒப்புக்கு அடிச்சா டப்பா ஒப்புக்கா விழும்? செல்லும்."

ஆமா செல்லும், செல்லும்னு எல்லாரும் பிடிச்சுக்கிட்டாக. இத்தனை நாளு வாயைத் தொறக்காதவனுக்கு இன்னைக்கு வக்கீலு வேசமோன்னு ரோஸ்லின் கேட்டா. கேட்டதுல தப்பில்ல. ஜெபாவுக்கு மாரிக்கனி மேல ஒண்ணும் பாசம் பொங்கிரல. திண்டுல உக்காந்து உக்காந்து அவனுக்கு அலுத்துப் போச்சு. மறுபடி ஆடணும், அவ்வளவுதான். ஆனா செல்லும்னு சொன்னானா? சொன்னான். நல்லது எந்த வாசல் வழியா வந்தா என்ன, உள்ள வந்துட்டா சரி.

"ம்…"

ரோஸ்லினுக்கு மூஞ்சி சிவந்துட்டு. சுத்திச் சுத்திப் பாத்தா. எல்லாரும் ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். அப்போ ஒரு பிடி கிடைச்சுது அவளுக்கு. சரி, செல்லும்னே வச்சுக்குவோம்னா. செல்லும்னா அவ ஆட்டத்துல இருக்கா. ஆட்டத்துல இருந்தா அவளும் அவுட் ஆகணும். நான் விடமாட்டேன், ஓடிப் பிடிப்பேன், விழுந்தா தூக்க மாட்டேன். அழக்கூடாது, அம்மாவைக் கூட்டியாரக் கூடாதுன்னா. இப்போ சொல்லுங்க பாப்போம்னா.

பிள்ளைக மாரிக்கனி காலைப் பாத்தாக, தரையைப் பாத்தாக. அவ பாவம்லான்னு செல்வின் மெதுவாச் சொன்னான். செல்லும்னு சொன்ன வாயெல்லாம் மூடிக்கிட்டுது.

மாரிக்கனி கம்பை ஊணிக்கிட்டு ரோஸ்லின் முன்னால போயி நின்னா.

"என்னைய அவுட்டாக்குட்டி பாப்போம்."

செல்வின் சாக்கடையில கையை விட்டு டப்பாவை எடுத்தான். உதறி வச்சான். ரோஸ்லின் சுவத்துப் பக்கம் திரும்பி எண்ண ஆரம்பிச்சா. பிள்ளைக சிட்டாப் பறந்துட்டுதுக. மாரிக்கனி போயி கோழிக்கூட்டுக்குப் பின்னால குத்த வச்சா. கோழி கொக்கொக்குனுது. சும்மா இரு மூதின்னு அதை அதட்டுனா. அவளுக்கு இது வரைக்கும் ஒளிஞ்சு பயமே வந்ததில்ல. இன்னைக்குப் பயந்து வருது. இதுவா இம்புட்டு நாளா எல்லாருக்கும் இருந்துச்சுன்னு நினைச்சா.

அப்போ ஒரு காலடி. நின்னுச்சு. கூட்டுக்கு மேல ரோஸ்லின் தலை. ரோஸ்லின் கண்ணு மாரிக்கனி கண்ணு மேல விழுந்துச்சு. விழுந்து, அங்கனயே நின்னுச்சு.

ரோஸ்லின் டப்பாவைப் பாத்து ஓடுனா. மாரிக்கனியும் எந்திரிச்சு ஓடுனா. டக்குசரக் டக்குசரக் டக்குசரக். ரோஸ்லின் மெதுவா ஓடுனாளா? ஓடல. சடை பறக்க ஓடுனா. பாதி வழியில மாரிக்கனி கம்பு வழுக்கி, தொபுக்கடீர்னு விழுந்தா. முட்டியில ரத்தம். ரோஸ்லின் திரும்பிப் பாத்தா. ஒரே ஒரு தடவைதான். பாத்துட்டு, டப்பாவை ஓங்கித் தட்டுனா.

"மாரிக்கனி அவுட்."

ஒளிஞ்சிருந்த பிள்ளைக எல்லாம் தலையை நீட்டிப் பாத்தாக. அழப்போறா, போச்சு, புஷ்பம் அத்தை விளக்குமாத்தோட வரப்போறான்னு பாத்தாக. மாரிக்கனி மண்ணுலயிருந்து எந்திரிச்சு உக்காந்தா. மூச்சை இழுத்தா. கள்ளாட்டம்னு கத்துனா. நீ விரல் இடுக்கு வழியாப் பாத்தன்னா. பாக்கலன்னா ரோஸ்லின். பாத்தன்னா இவ. மாதா மேல சத்தியமாப் பாக்கலன்னா அவ. மாதாவை இழுக்காதட்டின்னா இவ. அம்மாடி, ரெண்டும் கட்டி உருளாத குறை. தெரு பூராவும் வேடிக்கை. ஒருத்தர் வாயிலயும் பரவால்லங்கிற சொல்லு வரல.

கத்தி முடிச்சு, டக்கு சரக், டக்கு சரக்குனு போயி திண்டுல உக்காந்தா. முட்டி எரியுது. உலகத்துலயே பெரிய கோவக்காரி மாதிரி மூஞ்சியை வச்சிருந்தா. வச்சிருக்க முடியல. கன்னம் தானா விரியுது. கையை வச்சு மறைச்சுக்கிட்டா.

மொத ஆளா அவுட்டானவதான் அடுத்து பிடிக்கணும். அது சட்டம். அதனால அடுத்த ஆட்டத்துக்கு மாரிக்கனி சுவத்துப் பக்கம் திரும்பி எண்ணுனா. எண்ணிட்டுத் திரும்புனா தெருவே காலி. தேடுனா, தேடுனா, ஒருத்தரும் ஆப்படல. பொழுது சாஞ்சு, வீட்டுக்கு வீடு விளக்குப் போட்டாச்சு. அம்மாமாரு கூப்பிட ஆரம்பிச்சாச்சு. பாவம், நாம போயி ஆப்பட்டுக்கிடுவோம்னு ஒரு பிள்ளையாவது வெளிய வந்துச்சா? வரல. ரோஸ்லின் வரல, ஜெபா வரல. மூக்கு ஒழுகுற செல்வின்கூட உறிஞ்சாம மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தான். மாரிக்கனி பக்கத்துல வந்துட்டாளோன்னு அத்தனை பேருக்கும் பயம்.

ம்?

…

ஏலே. ம்?

…

சரி. அவ தேடட்டும். இந்தக் கதையும் அந்தத் தெருவுலயே எங்கனயோ ஒளிஞ்சுக்கிட்டுது. விடிஞ்சு பாத்துக்கலாம். நீ தூங்கு.