பாரத்தோடு ஜெபித்தவர்கள்

சற்குணத்துக்கு இது நாலாவது தடவை. கிறிஸ்தவ வேதசாஸ்திரக் கல்லூரியில் எல்லாப் பரீட்சையும் ஒருமாதிரி தேறிவிட்டான். களப்பணியில் மட்டும் மூன்று வருசமாக முட்டை. அதில் தேறினால்தான் கிருபாவதியைக் கட்டிக்கொடுப்பேன், இல்லாவிட்டால் நாகர்கோவிலில் ஒரு கணக்கு வாத்தியார் தயார் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். இந்தத் தடவை களப்பணிக்குக் கிடைத்ததும் கிருபாவதியின் ஊர்தான். துணைக்கு இவனைப் போலவே கெட்டிக்காரர்களான தானியேலும் மாசிலாமணியும்.

பஸ் ஏற்றிவிட்ட முதல்வர் சொன்னார்: "புஸ்தகம் படிச்சது போதும். வீடு வீடாப் போய் பாரத்தோட ஜெபம் பண்ணுங்க. கடைசியில சபை ஐயர்கிட்ட கையெழுத்து வாங்குங்க."

முதல்வர் சொன்னது மனப்பாரத்தை. இறங்கியதும் சற்குணத்துக்குக் கவலை பிடித்தது. "பாரம்னாரு. எத்தனை கிலோன்னு சொல்லலியேடே?"

"புஸ்தகத்தில பாப்போமா?" என்றான் தானியேல்.

"புஸ்தகம் போதும்னுட்டாருல்லா."

மாசிலாமணி வெகுநேரம் யோசித்தான். "கழுத்து வலிச்சாப் பாரம். வலிக்காட்டா வெறும் சாமான்."

சபைப் போதகரான ஐயர் வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் வீட்டுப் புறவாசலில் கிடந்த அம்மிக்கல்லை மற்ற இருவரும் சற்குணத்தின் தலையில் ஏற்றினார்கள்.

"அம்மி கொத்தவா வந்திருக்கிய? எங்க வீட்டில மிக்ஸிதான்யா," என்றாள் முதல் வீட்டம்மா.

"ஜெபம் பண்ண வந்தோம்மா. கல்லு இல்லாட்டா மார்க்கு போயிரும்."

கல்லோடு ஜெபித்தால் நீளம் எங்கே வரும்? "கர்த்தாவே, இந்த வீட்டை... ஆமென்!" ஊருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஐயர் ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் எடுப்பவர்.

பத்தாம் நாள் ஐயர் திரும்பினார், கண்ணாடியைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டு. சற்குணம் முனகுவது மட்டும் காதில் விழுந்தது. "ஏம்ப்பா தவிக்கிற? பாரத்தையெல்லாம் அவர் பாதத்தில இறக்கி வை," என்று சொல்லிக் கண்ணை மூடினார்.

"அவர்னா யாருடே?" என்றான் சற்குணம் ரகசியமாக.

"ஐயர்தான். பெரியவங்க 'நான்'னு சொல்லிக்க மாட்டாங்க, அடக்கம்," என்றான் மாசிலாமணி.

மெதுவாகத்தான் இறக்கி வைத்தான். ஆனாலும் அம்மி அம்மிதானே.

"ஐயா, அடி கால்லதான, கையெழுத்து கையிலதான?" என்று சற்குணம் தாளை நீட்டினான். இவர்கள் தொலைந்தால் போதுமென்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்த ஐயர் கத்தினார்: "இனி இந்த ஊர்ல உங்கள்ல ஒருத்தன்கூடக் காலை வைக்கக் கூடாது!"

அடுத்த மாதம் அதே ஊரில் கல்யாணம். கோட்டும் டையுமாக மாப்பிள்ளையும் தோழர்கள் இருவரும் ஊர் எல்லையிலிருந்து கையை ஊன்றித் தலைகீழாகவே கோயிலுக்குள் வந்து சேர்ந்தார்கள். முழங்காலில் வரலாம் என்றுதான் முதலில் பேச்சு. அதுவும் கால்தானே என்று விட்டுவிட்டார்கள்.

ஐயர் தாலியை நீட்டினார். அதை வாங்கக் கை வேண்டும். கையை எடுத்தால் கால் தரையில் படும். கிருபாவதி தலையில் அடித்துக்கொண்டாள்.

"காலை வச்சுத் தொலைடா!" என்று ஐயர் அலறினார்.

"சரிங்கய்யா," என்றான் சற்குணம் கீழேயிருந்து. "அதையும் எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க."