சீரகம் போடாத தண்ணீர்

"முதலாவது, கம்பி" என்றார் மதலைமுத்து. "கோவிலுக்கு நடுவுல இரும்புக் கம்பி போட்டு, கீழத்தெருக்காரன அந்தப் பக்கம் உக்கார வச்சது."

"ம்" என்றார் பங்குச் சாமியார் பிலவேந்திரன். புளியைத் தொட்டுப் பித்தளைத் தாம்பாளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது, செவுரு. கல்லறைத் தோட்டத்துல. செத்ததுக்கப்புறமும் நாங்க அந்தப் பக்கம்தான். மூணாவது, தேர். மாதா தேரு கீழத்தெரு முக்கு வரைக்கும் வந்து, முதுகக் காட்டித் திரும்பிப் போனது. நாலாவது, தம்ளர். திருவிழா அசன விருந்துல மேலத்தெருவுக்கு எவர்சில்வர் தம்ளர், எங்களுக்குக் கொட்டாங்கச்சி."

"தம்ளர் தேருக்கு முன்னாடி இல்லையா?"

"இல்ல சாமி. தேரு, அப்புறம்தான் தம்ளர். வரிசை மாறக் கூடாது. வரிசை மாறினா வழக்கு நிக்காது."

ஊரில் அவருக்கு நோட்டீஸ் மதலைமுத்து என்று பெயர். பள்ளிக்கூடம் அவரைச் சீக்கிரமே வெளியே அனுப்பிவிட்டது. மிச்சப் படிப்பை அவர் துண்டறிக்கைகளில் படித்தார். பிறகு அவரே எழுத ஆரம்பித்தார். கோவில் கம்பியைப் பிடுங்கி எறிந்தவர் அவர். கல்லறைச் சுவரில் பாதியை இடித்தவரும் அவர்தான். மீதிப் பாதி இன்னும் கோர்ட்டில் நிற்கிறது.

அவருடைய மகன் வயதுதான் சாமியாருக்கு.

"அஞ்சாவது?" என்றார் சாமியார்.

"பெரிய வியாழன். பன்னெண்டு பேர உக்கார வச்சு, அப்போஸ்தலருன்னு சொல்லிக் காலக் கழுவுறீங்க. இத்தன வருசத்துல கீழத்தெருக் கால் ஒண்ணாவது இந்தத் தாம்பாளத்துல பட்டிருக்கா? யூதாசுக்குக்கூட மேலத்தெருவுலதான ஆள் புடிக்கிறீங்க?"

சாமியார் சிரித்துவிட்டார். மதலைமுத்து சிரிக்கவில்லை.

"ஆறாவது?"

"ஆறாவது இல்ல."

"நல்லா யோசிச்சீங்களா?"

"ஆயுசு பூரா இதத்தான சாமி யோசிச்சிருக்கேன்."

"சரி. இந்த வருசம் நீங்க வாங்க. முதல் நாற்காலி, பேதுரு நாற்காலி, உங்களுக்கு."

சண்டைக்கு வந்தவனுக்கு எதிராளி நாற்காலி எடுத்துப் போட்டால் என்ன செய்வது? மதலைமுத்து ஜிப்பாப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். புதுத் தாள் மொடமொடவென்றிருந்தது.

"நோட்டீஸ் அடிச்சிட்டேனே சாமி."

"அடிச்சது இருக்கட்டும். எங்க போகுது?"

வாசல் வரை போனவர் திரும்பினார். வெறுங்கையோடு போக அவருக்கு மனமில்லை.

"ஒண்ணு கேக்குறேன். ஞாயித்துக்கெழம எல்லாப் பயலும் கிறிஸ்தவன்தான். திங்கக்கெழம டீக்கடையில, வயக்காட்டுல, வீட்டுல பாத்தா ஒருத்தனக் காணல. இந்த ஊர்ல ஒருத்தன் எப்ப சாமி கிறிஸ்தவன் ஆவான்?"

சாமியார் தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"தாகமா இருக்கு" என்றார்.

"தண்ணி கொண்டாரச் சொல்லவா?"

"இங்க வேண்டாம். நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன். அங்க குடிக்கிறேன்."

கேள்வி கேட்டால் தண்ணீர் கேட்கிறாரே மனுசன் என்று முனகிக்கொண்டே நடந்தார் மதலைமுத்து. பாதி வழியில்தான் அது உறைத்தது. எந்தப் பங்குச் சாமியாரும் இதுவரை கீழத்தெரு வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நோட்டீசுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது.

*

புதன்கிழமை சாமியார் சைக்கிளில் வந்தார். தெருவே வாசலில் நின்று பார்த்தது.

"ஏ பிள்ள, சாமிக்குத் தண்ணி" என்றார் மதலைமுத்து.

மருமகள் செம்பும் தம்ளருமாக வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு நீட்டினாள். சாமியார் ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு தம்ளர் கேட்டு, அதையும் குடித்தார்.

"நீங்க குடிக்கலையா?"

"குடிக்காம என்ன?"

மதலைமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சர்க்கரை நோய்க் கால், சொன்னபடி கேட்காது. தாங்கித் தாங்கி மூலைக்குப் போனார். அங்கே ஒரு மண்பானை. மேலே ஒரு தட்டு, தட்டின் மேல் கவிழ்த்த தம்ளர். தம்ளரில் ம.மு. என்று பெயர் வெட்டியிருந்தது. மொண்டு குடித்தார்.

அவர் போய் வரும்வரை மருமகள் செம்போடு அதே இடத்தில் நின்றாள். உதவிக்குப் போகவில்லை. போகக் கூடாது என்று பழகிய காலாக இருந்தது அது.

"அது தனிப் பானையா?" என்றார் சாமியார்.

"சர்க்கரை சாமி. டாக்டர் சொன்னது. சீரகம் போட்ட தண்ணி."

சாமியார் எழுந்துபோய்ப் பானைத் தட்டைத் தூக்கி மோந்து பார்த்தார். திரும்ப மூடினார்.

"சீரகம் போட மறந்துட்டாங்க போல."

மருமகள் கூரையைப் பார்த்தாள்.

"உம் பேரு என்னம்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மதலைமுத்து சொன்னார்: "மருமக சாமி."

"பேரக் கேட்டேன்."

"எம் மகன் தனிசோட பொண்டாட்டி. அவன் லாரிக்குப் போயிருக்கான்."

"ஓகோ" என்று சாமியார் சைக்கிளை எடுத்தார். அவ்வளவுதான்.

பெயர் மதலைமுத்துவுக்குத் தெரியாமலில்லை. தெரியும். டவுனில் துப்புரவுக் குடியிருப்பில் பிறந்தவள் அவள். அவள் அம்மா தெருக் கூட்டுகிறவள். மகன் விரும்பிக் கட்டிக்கொண்டான். மதலைமுத்து குறுக்கே நிற்கவில்லை. நிற்க முடியுமா? மேடை போட்டார். "சாதியை மிதித்த திருமணம்" என்று நோட்டீஸ் அடித்தார். அதில் தன் பெயர் பெரிய எழுத்தில், மகன் பெயர் அடுத்த எழுத்தில். அவளுக்கு "மணமகள்" என்று போட்டார். இடம் போதவில்லை என்று அச்சகத்துக்காரனிடம் சொன்னார்.

கல்யாணத்துக்கு மறுவாரம் மூலையில் அந்தப் பானை வந்தது.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்கு அந்தப் பானையைப் பிறந்ததிலிருந்தே தெரியும்.

*

பெரிய வியாழன் அன்று ஊரில் ஒரு வேடிக்கை நடக்கும். சாமியார் கழுவப்போகும் கால்களை வீட்டிலேயே கழுவிவிட்டுத்தான் பன்னிரண்டு பேரும் கோவிலுக்குப் போவார்கள். சோப்புப் போடுவார்கள், நகம் வெட்டுவார்கள். ஒருவர் பவுடர்கூடப் போட்டதாகக் கேள்வி. அழுக்குக் காலை நீட்டினால் குடும்ப மானம் போய்விடும்.

வெயில் தாழும் நேரம் மதலைமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மருமகள் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தாள். குனிய முடியாத மனிதர். காலில் சர்க்கரைப் புண் வந்த நாளிலிருந்து தினமும் அவள்தான் கழுவுகிறாள், துடைக்கிறாள், மருந்து வைக்கிறாள்.

பீர்க்கங்காய் நாரால் குதிகால் வெடிப்பைத் தேய்த்தாள்.

"வலிச்சா சொல்லுங்க மாமா."

"வலிக்கல. தேயி."

"சாமி முத்தம் குடுப்பாராமே? வெடிப்புல அழுக்கு இருந்தா ஊரு உங்கள ஒண்ணும் பேசாது. என்னத்தான் பேசும்."

"பேசட்டும். நம்ம தெருக் கால் முதமுதலா ஏறுது."

"ஏறட்டும் மாமா" என்று புண்ணைச் சுற்றி விரல் நுனியால் துடைத்தாள். அந்த இடத்தில் மட்டும் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வது அவருக்குத் தெரிந்தது. வலிக்கக் கூடாதே என்று அவளுக்குக் கவலை. கழுவி முடித்து, காலைத் தூக்கி வெள்ளைத் துண்டு விரித்த முக்காலி மேல் வைத்தாள். தரையில் வைத்தால் மறுபடி அழுக்கு.

வெக்கை இன்னும் அடங்கவில்லை. அவருக்குத் தொண்டை வறண்டது.

"தண்ணி" என்று வாய் தவறி வந்துவிட்டது.

அவள் எழுந்தாள். மூலையைப் பார்த்தாள். நின்றாள்.

அவரும் மூலையைப் பார்த்தார்.

பானை ஏழெட்டு அடி தள்ளி இருந்தது. அவர் இறங்கினால் கால் அழுக்காகும். அவள் எடுத்தால் பானை...

அவள் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் காலைக் கழுவிய கை.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய சேலை ஒன்றை எடுத்துவந்து, முக்காலியிலிருந்து பானை வரைக்கும் தரையில் விரித்தாள். ஓரச் சுருக்கத்தைக்கூட நீவிவிட்டாள்.

"இதுல மிதிச்சுப் போங்க மாமா. அழுக்காகாது."

முகத்தில் கோபமில்லை, குத்தலில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். பதில் சொல்லியே வளர்ந்தவர்.

"வேணாம். தாகமில்ல" என்றார்.

*

கோவில் நிறைந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். முதல் நாற்காலியில் மதலைமுத்து. கீழத்தெரு ஆண்கள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். மேலத்தெருக்காரர்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள். மருமகள் கடைசித் தூணருகே அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மதலைமுத்துவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஒவ்வொரு காலுக்கும் முன்னால் உபதேசியார் மைக்கில் பெயர் வாசிப்பது அந்தக் கோவில் வழக்கம். இன்னார் வீட்டு இன்னார் என்று ஊர் கேட்க வேண்டும்.

சாமியார் பூசை உடுப்போடு வந்து, மதலைமுத்துவின் முன்னால் முழங்காலிட்டார். வலது காலைக் கையில் ஏந்தினார். புரட்டிப் பார்த்தார். வெடிப்பில் ஒரு கோடு அழுக்கில்லை. புண்ணில் புது மருந்து.

"இந்தக் காலக் கழுவியாச்சே" என்றார் மெதுவாக. "எனக்கு முன்னாடியே யாரோ பூசை வச்சிட்டாங்க."

மதலைமுத்து வாயைத் திறந்தார். உலர்ந்த உதட்டை நாக்கால் தடவினார்.

"என்ன ஆச்சு பெரியவரே?"

"தாகமா இருக்கு சாமி."

சாமியார் செம்பை நீட்டினார். காலில் ஊற்ற வைத்திருந்த தண்ணீர்.

மதலைமுத்து அதை இரண்டு கையாலும் வாங்கினார். கோவில் பார்த்துக்கொண்டிருந்தது. குடித்தார். சீரகமில்லாத தண்ணீர். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தார். மேடையில் அவர் தலை குனிந்து அந்த ஊர் பார்த்ததில்லை.

உபதேசியார் மைக்கைப் பிடித்தார். "கீழத்தெரு..."

"நிறுத்தும் ஓய்" என்றார் மதலைமுத்து.

எழுந்தார். மைக்கை வாங்கினார். ஜிப்பாப் பையிலிருந்து நோட்டீசை எடுத்து விரித்தார். மேலத்தெரு வரிசையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "ஆரம்பிச்சிட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். கீழத்தெரு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அஞ்சு வரைக்கும் இதுல இருக்கு" என்றார். "அஞ்சும் நெசம். ஒரு எழுத்துகூட நான் வாபஸ் வாங்கல."

நோட்டீசைத் திருப்பினார். பின்பக்கம் வெறும் தாள். அந்த வெறும் தாளைப் பார்த்து வாசித்தார்.

"ஆறாவது. எங்க வீட்டுத் தண்ணிப் பானை. வச்சது நான். எம் மருமக தொடக் கூடாதுன்னு வச்சது. அவ பேரு..."

தாளைக் கண்ணருகே பிடித்தார். பன்னிரண்டு நாற்காலியும், இரண்டு தெருவும், முழங்காலில் இருந்த சாமியாரும் காத்திருந்தார்கள். கடைசித் தூணருகே ஒரு செருப்பு கை நழுவி விழுந்த சத்தம் கேட்டது.

அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், ஊர் கேட்க, ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார்.

"அடைக்கலமேரி."