சம்மதக் கயிறு

இந்தக் கதையை நான் நேரில் கேட்கவில்லை. கல்லூரி விடுதியில் என்னோடு இருந்த ஜக்கம்மாள் சொன்னது. மலையடிவாரத்தில் கூடை முடையும் தன் அத்தையிடம் அவள் கேட்டாளாம். எதையாவது விட்டிருந்தால் தவறு என்னுடையது.

காட்டோடையின் மேல் ஒரு கருவேல மரம் சாய்ந்து நின்றது. அதில் பதினோரு ஆண் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின.

அவற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. பச்சைப் புல்லை நாராகக் கிழித்து, கவிழ்த்த தொப்பிபோலப் பாதிக் கூடு பின்னி, உள்ளே கொஞ்சம் ஈரமண் அப்பும். தொப்பியின் வாய்க்குக் குறுக்கே ஊஞ்சல்போல் தடித்த பின்னல் ஒன்று ஓடும். அதன் பெயர் சம்மதக் கயிறு. அதோடு வேலையை நிறுத்திவிடும். குடியிருக்கப் போகிற பெண் குருவி வந்து அந்தக் கயிற்றில் உட்கார வேண்டும். அலகால் இழுத்துப் பார்க்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். அது "ம்" என்றால்தான் மீதிக் கூடும், கீழே தொங்கும் நீள வாசல் குழாயும். இல்லையென்றால் பாதிக் கூடு அப்படியே தொங்கும்.

ஓலையன் என்ற குருவியின் கயிற்றில் இரண்டு மழைக்காலமாக யாரும் உட்காரவில்லை.

அதன் பின்னலில் குறையில்லை. கிளைதான் ஓடைத் தண்ணீரைத் தொடுமளவுக்கு ரொம்பத் தாழ்வு. நல்ல கிளைகளை மற்றவை முன்பே பிடித்துவிட்டன. பெண் குருவிகள் வரும்போதெல்லாம் ஓலையன் சிறகடித்துக் கூப்பிடும். அவை அடுத்த கிளைக்குப் போய்விடும்.

"என்னப்பா ஓலையா! உன் கயித்துல காத்து மட்டும்தான் வந்து உக்காருது போல!" என்று சிரித்தது மேல்கிளையில் இருந்த கோரையன்.

"காத்தாவது வருதே!" என்றது ஓலையன். அதுவும் சிரித்தது. ஆனால் அன்று முழுவதும் தன் கயிற்றையே இழுத்து இழுத்துச் சரிசெய்தது. 'நான் கட்டினதுல ஒரே ஒருத்தர் குடியிருந்தா போதும்' என்று நினைத்துக்கொண்டது.

மூன்றாம் மழைக்காலத்தில் நகரத்திலிருந்து ஒரு மைனா வந்தது. மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"அடடா! என்ன கைவேலை! எங்க ஊர்ப் பறவைங்க மீட்டர் பெட்டிக்குள்ளயும் ஏசி இடுக்குலயும் வெந்து கெடக்குதுங்க. தம்பி, எனக்கு ஒரு கூடு கட்டிக் கொடு!"

"யார் குடியிருக்கப் போறாங்க அண்ணே?" என்று கேட்டது ஓலையன்.

"யாரா இருந்தா உனக்கென்ன? தூக்கிட்டுப் போனா ஆயிரம் பேர் வருவாங்க!"

"அவங்க வந்து கயித்துல உக்காரணுமே."

"அவ்வளவு தூரம் யாருப்பா வருவா? கயிறெல்லாம் வேண்டாம். முழுசா முடிச்சுக் கொடு. உள்ளே மண்ணை அப்பாதே, அசிங்கம். கீழே தொங்குற அந்த நீளக் குழாயும் வேண்டாம். எங்க ஊர்ல எல்லாருக்கும் நேர் வாசல்தான் பிடிக்கும்!"

ஓலையன் தயங்கியது. ஆனால் ஆயிரம் பேர் என்ற சொல் அதன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது.

"நிச்சயமா யாராவது குடியிருப்பாங்களா?"

"என் மஞ்சள் மூக்கு மேல சத்தியம்!"

ஓலையன் பின்னியது. கயிறு வர வேண்டிய இடத்தில் அலகு தானாக நின்றது. கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டிப் பின்னி முடித்தது.

"குடியிருக்கிறவங்க எப்படி இருக்காங்கன்னு மட்டும் வந்து சொல்லுங்க அண்ணே."

"சொல்றேன், சொல்றேன்!" மைனா கூட்டி வந்த மூன்று மைனாக்களும் அதுவும் சேர்ந்து கூட்டைத் தூக்கிக்கொண்டு பறந்தன.

அதன் பிறகு ஓலையன் கிளை நுனியில் நகரம் இருக்கும் திசையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது. இப்போது உள்ளே யார் இருப்பார்கள்? மழை பெய்தால் அவர்களுக்கு நனையுமா? முட்டை பொரிந்திருக்குமா? மேலே கோரையனின் கூட்டில் குஞ்சுகள் கத்தும்போதெல்லாம், தன் கூட்டிலும் அப்படி ஒரு சத்தம் கேட்கிறதா என்று அது யோசித்தது.

பத்து நாள் கழித்து மைனா வந்தது.

"தம்பி, பிரமாதம்! பார்த்தவங்க எல்லாம் ஆகா ஆகான்னு சொல்றாங்க!"

"உள்ளே யார் இருக்காங்க?"

"உள்ளேயா?" மைனா கழுத்தைச் சாய்த்தது. "அது பால்கனியில தொங்குதுப்பா. பார்க்க லட்சணமா இருக்கு. இன்னும் மூணு கட்டிக் கொடு!"

ஓலையன் அந்தக் கட்டடத்தின் அடையாளத்தைக் கேட்டுக்கொண்டது. நேராக நகரத்துக்குப் பறந்தது.

அதன் கூடு ஒரு மாடிக் கட்டடத்தின் பால்கனிக் கொடிக்கம்பியில் தொங்கியது. புல் வெளுத்துப்போயிருந்தது. பக்கத்துக் கம்பியில் ஒரு தினைக்குருவி ஒண்டி உட்கார்ந்திருந்தது. ஓலையன் கூட்டை நெருங்கியதும் அது பதறிக் கத்தியது.

"உள்ளே போகாதீங்க அண்ணே! காத்தடிச்சா குப்புறப் புரளுது. ரெண்டு முட்டை வச்சிருந்தேன். ரெண்டும் அந்த நேர் வாசல் வழியா விழுந்துடுச்சு."

ஓலையன் கீழே பார்த்தது. தரை ரொம்பத் தூரத்தில் இருந்தது.

"இதைக் கட்டினது நான்தான் தங்கச்சி."

தினைக்குருவி அதை மேலும் கீழும் பார்த்தது. "நீங்களா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?"

"எங்க வழக்கமே கேக்கிறதுதான்" என்றது ஓலையன். "நான்தான் இந்தத் தடவை கேக்கலை. யாராவது குடியிருந்தா போதும்னு விட்டுட்டேன்."

அது அலகால் இழுத்ததும் வெளுத்த நார் ஒடிந்தது.

"நான் மறுபடி முட்டை வைக்கணும்" என்றது தினைக்குருவி மெல்ல. "நாள் அதிகமில்லை."

"இங்கேயே கட்டுறேன். ஆனா பச்சைப் புல் வேணும். காஞ்சா நார் ஒடிஞ்சுடும். ஓடையிலிருந்து எடுத்துட்டு வந்தா வழியிலேயே காஞ்சுடும்."

"இவ்வளவுதானா? வாங்க!"

கட்டடத்தின் பின்பக்கம் ஏசி இயந்திரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அந்த ஈரத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு தென்னை. ஓலையன் அதன் ஓலை நுனியில் முடிச்சுப் போட்டது. மூன்று நாள் கிழித்துக் கிழித்துப் பின்னியது. தொப்பி வந்தது. குறுக்கே கயிறு வந்தது. அதோடு நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கூப்பிட்டது.

தினைக்குருவி வந்து கயிற்றில் உட்கார்ந்தது.

இரண்டு மழைக்காலம் ஓலையன் இதற்காகத்தான் காத்திருந்தது. ஆனாலும் அது அசையாமல் தலையைக் குனிந்துகொண்டது. நிமிர்ந்து பார்க்கப் பயம்.

தினைக்குருவி இழுத்துப் பார்த்தது. ஆடிப் பார்த்தது. "முட்டை அறை இந்தப் பக்கம் வேண்டாம் அண்ணே. மெஷின்லேர்ந்து அனல் அடிக்குது. அந்தப் பக்கம் வைங்க."

"எனக்கு இது தோணியே இருக்காது!"

"உள்ளே அப்பியிருக்கிற அந்த மண் எதுக்கு?"

"கனத்துக்கு. காத்துல கூடு புரளாம இருக்கும்னு எங்க ஆளுங்க சொல்வாங்க."

"அப்போ நல்லா நிறைய அப்புங்க!" என்றது தினைக்குருவி. பிறகு கயிற்றில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, "ம்" என்றது.

ஓலையன் மீதிக் கூட்டைக் கட்டியது. முட்டை அறையை அனல் படாத பக்கம் வைத்தது. வாசல் குழாயை நீளமாகக் கீழே இறக்கியது. ஒரு வாரத்தில் உள்ளே மூன்று முட்டைகள் இருந்தன. ஒரு பெரிய காற்று அடித்தது. மூன்றும் இருந்தன.

மைனா மூச்சிரைக்கப் பறந்து வந்தது. "நடுவுல நான் ஒருத்தன் இருக்கேனே, என்னை மறந்துட்டீங்களே!"

"மறக்கலை அண்ணே" என்றது ஓலையன். "இனிமே கூட்டைத் தூக்கிட்டு அலையாதீங்க. கூடு வேணுங்கிறவங்களைக் கூட்டிட்டு வந்து கயித்துல உக்கார வைங்க."

"அப்போ சுமந்துட்டுப் பறக்கிற வேலையே இல்லையே!" என்று சந்தோஷப்பட்டது மைனா. அந்த மழைக்காலத்திலேயே அது ஏழு பறவைகளைக் கருவேல மரத்துக்கு அழைத்து வந்தது. எல்லாம் மேல்கிளைக் கயிறுகளில் உட்கார்ந்தன. சில "ம்" என்றன. சில வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போயின.

ஓலையன் தன் தாழ்ந்த கிளைக்கே திரும்பியிருந்தது. நகரத்துக் கூட்டில் இந்நேரம் குஞ்சுகள் வாய் திறந்திருக்கும் என்று அதற்கு இப்போது தெரியும். ஆனாலும் ஒரு புதிய கூட்டைப் பாதிவரை பின்னி, கயிற்றைப் போட்டு, நிறுத்தியது. தன் இனத்துப் பெண் குருவிகள் வரும் வழியைப் பார்த்துச் சிறகடித்துக் கூப்பிட்டது.

செய்கிறவரின் வழக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு வாங்குகிற பொருள் வாங்கியவருக்கும் உதவாது.

தூக்கணாங்குருவியின் கூட்டில் தினைக்குருவி உண்மையிலேயே குடியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம் வந்து, பிறகு நூலகத்தில் தேடிப் பார்த்தேன். குடியிருக்குமாம், ஆனால் தூக்கணாங்குருவிகள் விட்டுப்போன பழைய கூடுகளில்தான்.